நின்னு நின்னு போற படம்

போன மாசம் கீவளூர் போயிருந்தேன். ஆவணங்களில் கீழ்வேளூர். ரயில்வே ஸ்டேஷன் பலகையிலும் அப்படித்தான். ஆனால் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "கீழ்வேளூர் போகுமா?" என்று ழகரத்தை அழுத்திக் கேட்டால், கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கீவளூர்தானே? ஏறுங்க" என்பார். எங்களுக்கு அது எப்பவும் கீவளூர்தான்.

சின்ன மாமாவைப் பார்க்கத்தான் போனேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. திண்ணையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதுமே, "வா மாப்ள. பாத்தியா, திரும்பவும் ஆர்க் கண்ணாடி மாட்டி விட்டுட்டாங்க" என்று சிரித்தார். இந்த ஜோக் எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் புரியும். மாமா டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவர்.

கிளம்பும்போது அத்தையைக் கூப்பிட்டு பீரோவில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வரச் சொன்னார். பழைய வேட்டித் துணி. பிரித்தால் உள்ளே, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு இரும்புத் துண்டு. நட்சத்திரம் மாதிரி இருக்கு, ஆனா நாலே முனை. முனைக்கும் முனைக்கும் நடுவில் ஆழமா ஒரு வெட்டு. நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு தண்டு.

"நீ வச்சுக்க. நான் போனப்புறம் இது என்னன்னு இந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. பழைய இரும்போட போயிடும்."

வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்ததும் என் மகள் கேட்டாள்: "என்னப்பா இது? பூவா, சிலுவையா?"

"இதுதாம்மா சினிமா" என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். கொஞ்ச நேரம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்புறம் சொல்லுங்க.

எங்க ஊர்ப் பக்கத்துக் கொட்டகை அந்தக் காலத்து எல்லாக் கொட்டகையும் மாதிரிதான். கீற்றுக் கூரை, மணல் தரை, நடுவில் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் தடுப்பு. பின்னால் கொஞ்சம் பெஞ்சு, அதுக்கும் பின்னால் கொஞ்சம் சேர். சாயங்காலம் சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கிளம்பினால், வயல்ல நிக்கிறவங்க கை காலைக் கழுவ ஆரம்பிப்பாங்க. மணலைக் குவிச்சு மேடு கட்டி அதுமேல உட்காருவது என் வழக்கம். பின்னால் இருக்கிறவர் அதைக் காலால் தட்டி விடுவது அவர் வழக்கம்.

இருந்தது ஒரே மெஷின். ரீல்களை ஒட்டிப் பெரிய ஸ்பூலா சுத்தி ஓட்டினாலும், ஒரு ஸ்பூல் முடிஞ்சதும் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை மாட்ட முடியும். அதனால் ஒரு படத்துக்கு மூணு இடைவேளை, சில சமயம் நாலு. முறுக்கு விக்கிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பதிமூணு, பதினாலு வயசுல நான் தரையில் இருந்து கேபினுக்குப் பிரமோஷன் வாங்கினேன். தகரம் அடிச்ச அறை. உள்ளே அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு கார்பன் குச்சியை நுனியோடு நுனி தொட்டுப் பிரித்தால் நடுவில் ஒரு வெள்ளை வெளிச்சம் நிற்கும். அதுதான் ஆர்க். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கணும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், அதைத் திருகித் திருகிச் சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். மாமா ஒரு கையால் அதைச் செய்துகொண்டே இன்னொரு கையில் டீ குடிப்பார்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பிலிம் மேலே இருந்து கீழே வாய்க்கால் தண்ணி மாதிரி நிக்காம ஓடுது, வெளிச்சம் அதுமேல அடிக்குது, அந்தப் பக்கம் படம் தெரியுது, அவ்வளவுதான் விஷயம்னு. இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குப்பைக் கூடையில் கிடந்த வெட்டுப் பிலிம் ஒரு முழத்தை எடுத்து, ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, என் கண்ணுக்கு முன்னால் சர்ருன்னு இழுத்தார்.

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலை மாமா. கோடு கோடா போச்சு."

"அப்ப மெஷின்ல மட்டும் எப்படிடா மூஞ்சி தெரியுது?"

பதில் இல்லை. அவர் மெஷினைக் காட்டினார். மோட்டாரை ஓட்டாமல் கையால் சுத்திப் பார்க்க ஒரு குமிழ் உண்டு. அதை மெதுவாகத் திருப்பினார். மேலே இருந்த பல்லுச்சக்கரம் நிதானமா, ஒரே சீராக சுத்தியது. கீழே இருந்ததும் அப்படியே. ஆனால் நடுவில், படத்துக்குப் பின்னால் வெளிச்சம் விழுகிற அந்தச் சின்ன ஜன்னலுக்குக் கீழே ஒரு பல்லுச்சக்கரம் இருந்தது. அது மட்டும் நின்றது. நின்றது. நின்றது. திடீர்னு டக்! கால் சுற்று திரும்பியது. மறுபடி நின்றது.

"படம் ஓடலைடா. நின்னு நின்னு போகுது. நிக்கிறப்ப மட்டும்தான் வெளிச்சத்த விடுவோம். நகர்றப்ப மூடிடுவோம்."

மூடுவதற்கு விசிறி மாதிரி ஒரு தகடு சுத்துகிறது. அதுதான் ஷட்டர். ஆக நாம் திரையில் பார்ப்பதெல்லாம் நிற்கிற படங்கள். ஒண்ணு, அடுத்தது, அதுக்கடுத்தது. நகர்கிற எதையும் மெஷின் நமக்குக் காட்டுவதே இல்லை. நகர்த்துவது நம்ம மண்டை.

எனக்குப் புரியாத மாதிரி முழித்திருப்பேன் போல. மாமா வெளியே கையைக் காட்டினார். "நடவு பாத்திருக்கேல்ல? பொம்பளைங்க நடந்துக்கிட்டேவா நடுறாங்க? நின்னு குத்துறாங்க. ஒரு எட்டு பின்னால. திரும்ப நின்னு குத்துறாங்க. நிக்காம நடந்தா நாத்து மிதக்கும்."

அதுக்கப்புறம் நான் மறக்கவில்லை.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான். பேசும் படத்துக்கு ஒரு நொடியில் 24 படம். 35 எம்.எம். பிலிமில் ஒரு படத்துக்கு ஓரத்தில் நாலு துளை. நான் பார்த்த அந்த நடு பல்லுச்சக்கரத்துக்கு 16 பல். கால் சுற்று திரும்பினால் நாலு பல், அதாவது சரியா ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கிற 1/24 நொடியை நாலு பங்காக்கினால், மூணு பங்கு நேரம் நிற்கும், ஒரு பங்கு நேரத்தில் நகரும். நிற்பது 1/32 நொடி. நகர்வது 1/96 நொடி. மூணு மணி நேரப் படத்தில் இப்படி 2,59,200 தடவை நிற்க வேண்டும். அவ்வளவு தடவையும் அதே இடத்தில்.

அதே இடம்னா எவ்வளவு துல்லியம்? ஜன்னலில் படத்தின் உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். திரை 12 அடி உயரம்னு வச்சுக்குங்க. ஏறக்குறைய 240 மடங்கு பெரிசாகுது. பிலிம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தள்ளி நின்றால், திரையில் கதாநாயகியின் மூக்கு கிட்டத்தட்ட ஒரு அங்குலம் குதிக்கும். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி தள்ளி நின்றால் மொத்தப் படமும் காய்ச்சல் வந்த மாதிரி ஆடும். "ஆபரேட்டர், படம் ஆடுதுய்யா!" சத்தம் அப்பத்தான் வரும்.

இன்னொரு வேடிக்கை. ஷட்டருக்கு ரெண்டு இறக்கை. ஒண்ணு பிலிம் நகர்வதை மறைக்க. இன்னொண்ணு எதுக்குன்னா, நொடிக்கு 24 தடவை மட்டும் வெளிச்சம் வந்து போனால் கண்ணுக்கு மினுக்கல் தெரியும். அதனால் நிற்கிற படத்தையே நடுவில் ஒரு தடவை மறைத்துத் திரும்பக் காட்டுவார்கள். 48 மினுக்கல் ஆனதும் கண் சமாதானம் ஆகிவிடும். இதனால் கிட்டத்தட்ட பாதி நேரம் திரை இருட்டுதான். மூணு மணி நேரப் படத்துக்கு டிக்கெட் வாங்கினவங்க சுமார் ஒன்றரை மணி நேரம் சுத்த இருட்டைப் பார்த்துட்டு வந்திருக்கோம். யாரும் காசைத் திரும்பக் கேட்டதில்லை :-)

சரி, ஒரே சீராகச் சுத்துகிற மோட்டாரை வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தை மட்டும் எப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது?

அதுக்குத்தான் வேட்டித் துணிக்குள் இருந்த அந்த நாலு முனை இரும்பு. மாமா அதை 'கிராஸ்' என்பார். மால்டீஸ் கிராஸ் என்பது முழுப்பெயர். மால்டா தீவின் சிலுவைச் சின்னம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். எண்ணெய் நிரப்பின ஒரு சின்னப் பெட்டிக்குள் மூடி இருக்கும், சாதாரணமா கண்ணில் படாது. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் கூட்டம் இல்லாத நாளில், மாமா பெட்டியைத் திறந்து கழுவி எண்ணெய் மாத்துவார். அப்போதுதான் நான் பார்த்தேன்.

கிராஸுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் தகடு. அதில் ஒரு முள். தகடு நிக்காமல் சுத்திக்கொண்டே இருக்கும், நொடிக்கு 24 சுற்று. முள் வந்து கிராஸின் வெட்டுக்குள் நுழையும், அதைக் கால் சுற்று திருப்பும், வெளியே போய்விடும். முள் இல்லாத நேரத்தில் தகட்டின் வளைந்த விளிம்பு கிராஸின் குழிந்த பக்கத்தில் உரசிக்கொண்டு போகும். அது ஒரு பூட்டு. அந்த நேரத்தில் கிராஸை அசைக்க முடியாது.

இதில் நான் ரொம்ப வருஷம் கழித்துத்தான் கவனித்த அழகு ஒன்று உண்டு. முள் வெட்டுக்குள் இடித்துக்கொண்டு நுழைவதில்லை. வெட்டு எந்தத் திசையில் இருக்கோ அதே திசையிலேயே வழுக்கி உள்ளே போகும். அதனால் கிராஸ் மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகம் எடுத்து, திரும்ப மெதுவாகி நிற்கும். நொடியில் 96-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் இவ்வளவும். இல்லாவிட்டால் பிலிமின் துளைகள் நாலு காட்சிக்குத் தாங்காது.

இது சினிமாவுக்காகக் கண்டுபிடித்ததும் இல்லை. கைக்கடிகாரம், பாக்கெட் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது வில்லை அளவுக்கு மேல் முறுக்கிவிடாமல் தடுக்க, ஸ்விட்சர்லாந்துக் கடிகாரக்காரர்கள் இதே மாதிரிச் சக்கரத்தை வைத்திருந்தார்கள். அங்கே ஒரு வெட்டை மட்டும் மூடி வைத்திருப்பார்கள். முள் அதில் முட்டியதும் சாவி நின்றுவிடும். அதனால் ஜெனீவா சக்கரம்னும் இதுக்குப் பேர் உண்டு.

நிறுத்த வேண்டும் என்ற யோசனை எல்லாருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எடிசன் கம்பெனி 1894-ல் நியூயார்க்கில் காசு கொடுத்துக் குனிந்து பார்க்கிற பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்குள் பிலிம் நிக்காமத்தான் ஓடியது. சின்னப் பிளவு உள்ள ஒரு தகடு சுத்தி, கண் சிமிட்டும் நேரத்தில் ஒவ்வொரு படத்தையும் காட்டிவிடும். ஒரு ஆள் கண்ணை வைத்துப் பார்க்க அந்த வெளிச்சம் போதும். ஊரே உட்கார்ந்து பார்க்கிற திரைக்குப் போதாது. பெரிய திரை வேண்டுமானால் படம் கொஞ்ச நேரமாவது நின்று வெளிச்சத்தை வாங்க வேண்டும்.

பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் அதைச் செய்தார்கள். 1895 பிப்ரவரியில் காப்புரிமை, டிசம்பர் 28-ம் தேதி பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்சி. அவர்கள் மெஷினில் கிராஸ் கிடையாது. ரெண்டு நகம் பிலிமின் துளைக்குள் நுழைந்து, கீழே இழுத்து, வெளியே வந்து, மேலே போய்த் திரும்ப நுழையும். லூயி லூமியேருக்கு இந்த யோசனையைக் கொடுத்தது தையல் மெஷின். நம்ம வீட்டுத் தையல் மெஷினையே பாருங்க. ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி நிற்கும். ஊசி மேலே போனதும் அடியில் இருக்கிற பல் துணியை ஒரு தையல் அளவு தள்ளும். அம்மா தைப்பதை வருஷக்கணக்கா பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை. அதனால்தான் அவர் லூமியேர், நான் நான்.

அடுத்த வருஷமே, 1896-ல், இங்கிலாந்தில் ராபர்ட் பால், ஜெர்மனியில் ஓஸ்கார் மெஸ்டர் ஆகியோரின் மெஷின்களில் கிராஸ் வகைச் சக்கரம் வந்துவிட்டது. நகம் கேமராவில் தங்கியது. கொட்டகையில் கிராஸ் ஜெயித்தது. நகம் ரெண்டொரு துளையைப் பிடித்து இழுக்கும். கிராஸோட பல்லுச்சக்கரம் ஒரே நேரத்தில் பல துளைகளைப் பிடித்துக்கொண்டு திருப்பும். பழைய, அடிபட்ட பிலிமைத் தினம் ரெண்டு காட்சி ஓட்டுகிறவனுக்கு எது தேவைன்னு சொல்லத் தேவையில்லை.

நம்ம பக்கத்துக்கு இது எப்படி வந்தது? பம்பாயில் லூமியேர் ஆட்கள் 1896 ஜூலை 7-ல் காட்டிவிட்டார்கள். ஆனால் மாமாவுக்குக் குலதெய்வம் மாதிரி ஒருத்தர் உண்டு, சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், திருச்சியில் ரயில்வேயில் வேலை. எங்க ஊர் வழியாப் போகிற நாகப்பட்டினம் - திருச்சி ரயில் பாதை 1860-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அந்தப் பாதையின் மறுமுனையில், 1905-ல், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து வின்சென்ட் மெஷினையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அந்தப் பெயர் ஒரு தெருவுக்கே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த ஒவ்வொருத்தரும் அவருக்கு ஒரு கும்பிடு பாக்கி.

அவர் காலத்தில் மோட்டார் கிடையாது, கைப்பிடி. நொடிக்குச் சுமார் 16 படம். படம் முடிகிற வரைக்கும் ஒரே சீராக சுத்த வேண்டும். கை களைத்தால் திரையில் இருக்கிற குதிரையும் களைக்கும்.

இப்போ நான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துட்டேன். இவ்வளவு நேரம் சக்கரம் பத்திப் பேசினதே இதைத் தள்ளிப்போடத்தான்னு உங்களுக்குத் தோணினா, தப்பில்லை.

மேலே ஒரு சக்கரம் நிக்காமல் பிலிமைக் கொடுக்குது. நடுவில் ஒண்ணு நின்னு நின்னு இழுக்குது. கீழே ஒண்ணு நிக்காமல் வாங்குது. கீழே நிக்காமல் ஓடியே ஆகணும். ஏன்னா சத்தம் அங்கேதான் படிக்கப்படுது, பிலிம் நின்னு நின்னு போனா பாட்டு விக்கல் எடுத்த மாதிரி கேட்கும். ஓடுகிறதுக்கும் நிற்கிறதுக்கும் நடுவில் சண்டை வராமல் இருக்க, நடு சக்கரத்துக்கு மேலேயும் கீழேயும் பிலிமை வளைத்துக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். அதுதான் லூப்.

மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தது: "மாட்ட முளையில கட்டுறப்ப கயித்த விறைப்பாவா கட்டுவே? அது தலையை ஆட்ட எடம் வேணும்ல? ரெண்டு விரல் விடு."

1984. எம்.ஜி.ஆர். நடித்த பழைய கத்திச்சண்டைப் படம். நல்ல கூட்டம். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். அது இருமிக்கொண்டே இருந்தது. ரெண்டாவது இடைவேளையில் மாமா அதைப் பார்க்க இறங்கினார். "அடுத்த ரீல மாட்டி வை, வந்துடுறேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டினேன். கேட்டை மூடினேன். கீழே விசில் சத்தம். மாமா ஓடி வந்தார், ஒரு பார்வை பார்த்தார், சுவிட்சைப் போட்டார்.

வழக்கமான டகடகடக சத்தம் வேற மாதிரி கேட்டது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கீழே பிலிம் அறுந்து, அறுந்த முனை பல்லுச்சக்கரத்தில் சுத்திக்கொண்டது. ஜன்னலில் இருந்த படம் அப்படியே நின்றுவிட்டது.

படம் 1/32 நொடி நின்றால் முகம் தெரியும். ஒண்ணு ரெண்டு நொடி நின்றால் ஆர்க் சூட்டில் எரியும். திரையில் நம்பியார் முகம். கன்னத்தில் பழுப்பா ஒரு புள்ளி, புள்ளி ஓட்டையாச்சு, ஓட்டை கொப்பளிச்சுப் பெரிசாச்சு. கொட்டகையே எழுந்து கை தட்டியது. நம்பியாருக்கு நல்லா வேணும்னு நினைத்தார்கள் போல. மாமா விளக்கை மூடின பிறகுதான் கை தட்டல் கூச்சலாக மாறியது.

படப்பெட்டியோடு விநியோகஸ்தர் சார்பில் ஒருத்தர் வந்திருப்பார். அவர் கேபினுக்கே ஏறி வந்துவிட்டார். போன பிலிமுக்குக் காசு கேட்டார். முதலாளி வந்தார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாமா நிதானமாகச் சொன்னார்: "பழைய பிரிண்டு. ஒட்டு விட்டுப்போச்சு." யாரும் ஏத்துக்கவில்லை. அந்த மாசச் சம்பளத்தில் அறுபது ரூபாய் பிடித்தார்கள். அவர் சம்பளமே இருநூத்தம்பது. அந்த வருஷ தீபாவளிக்கு அத்தைக்குப் புடவை எடுக்கவில்லை. ஏன்னு எனக்கு மட்டும் தெரியும்னு நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் லூப்பை விரைப்பாக விட்டது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை, அப்புறம் நாப்பது வருஷம் சொல்லவில்லை.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் புயல் அடித்தபோது கொட்டகைக் கீற்று மொத்தமும் பறந்துபோக, மாமா சாக்குப் போட்டு மூடிக் காப்பாத்தின மெஷின் அது. 1994-ல் கொட்டகையை மூடினபோது பழைய இரும்புக்கு எடை போட்டார்கள். ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி இருந்தது. அதுக்குப் பதிலாக மாமா கேட்டு வாங்கினது இந்தக் கிராஸை மட்டும். அத்தை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார். அப்புறம் பக்கத்து டவுன் தியேட்டரில் பதினெட்டு வருஷம். 2012-ல் அங்கே டிஜிட்டல் வந்தது. நகர பிலிம் இல்லை, அதனால் நிறுத்த வேண்டிய வேலையும் இல்லை. ஆபரேட்டரும் வேண்டாம்னு சொல்லிவிட்டார்கள். கையில் டார்ச் கொடுத்து ஸீட் காட்டச் சொன்னார்கள். ஒரு வாரம் காட்டினார், வந்துவிட்டார்.

போன மாசம் திண்ணையில், கிராஸ் என் கையில் இருந்தது. அவர் முகத்தில் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி இருந்ததால்தான் சொல்ல முடிந்ததுன்னு நினைக்கிறேன்.

"மாமா, அன்னிக்கு நம்பியார் எரிஞ்சாருல்ல... அது ஒட்டு விட்டது இல்ல. நான் லூப்ப..."

"கீழ் லூப்பு" என்றார். "ஒரு விரல்தான் விட்டிருந்தே."

"தெரியுமா?"

"ஒட்டு விட்டா குறுக்கால நேரா பிரியும் மாப்ள. இது பல்லு ஓட்டை வரிசையா கிழிஞ்சிருந்துச்சு. கிராஸ் பூட்டிக்கிட்டு நிக்குது, கீழ் சக்கரம் இழுக்குது, நடுவுல பிலிம் என்ன செய்யும்? பாத்த உடனே தெரியும். அந்த ரெப்புக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் மாமா சொல்லலை?"

அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்த மாதிரி இருந்தது. "என்னத்தச் சொல்றது? மாட்டினவன் சின்னப்பய. பாக்காம சுவிச்சப் போட்டவன் ஆபரேட்டர். யார் சம்பளத்துல புடிக்கணும்?"

அவ்வளவுதான். உள்ளே திரும்பி அத்தையிடம் காபி கேட்டார். நாப்பது வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்தது அவர் கணக்கில் அன்றைக்கே தீர்ந்துபோன விஷயம். அத்தை புடவைக் கணக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் அப்படியே இருக்கிறது. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன ரெண்டு பேரும் பேச்சையே காணும்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறையாவது சொல்லியிருக்கலாம்.

ஊருக்குத் திரும்பினதும் மகளுக்குக் காட்ட, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு கிராஸ் வெட்டினேன். குண்டூசியை முள்ளாக வைத்தேன். ரெண்டு நாள் போராட்டம். முள் வெட்டுக்குள் போகாமல் விளிம்பில் முட்டிக்கொண்டே இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"முள்ளு சுத்துற ஆரமும் கிராஸோட ஆரமும் ஒண்ணா இருக்கணும். அந்த அளவுல ஒரு சதுரம் போடு. எதிர் எதிர் மூலையில ரெண்டு ஆணி அடி. முடிஞ்சுது."

சதுரம் போட்டேன். மூலைவிட்டத்தின் ரெண்டு முனையிலும் ஆணி. மகள் தகட்டைச் சுத்தினாள். அட்டைக் கிராஸ் நின்றது, நின்றது, டக்கென்று கால் சுற்று திரும்பியது, நின்றது. அவள் திரும்பத் திரும்ப சுத்திக்கொண்டே இருந்தாள். போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எண்ணெய் போட்டியா?" என்றார்.

"அட்டைக்கு எதுக்கு மாமா எண்ணெய்?"

"ஆமால்ல" என்றார்.